புகாரைத் துறையே தள்ளுபடி செய்தால்: அமெரிக்க ஃபெடரல் ஊழியரின் மேல்முறையீடு எப்படி நடக்கிறது?

அமெரிக்க ஃபெடரல் அரசில் வேலை பார்க்கும் ஒருவர், தன் இனம், மதம், பாலினம், பூர்வீக நாடு, வயது, உடற்குறை ஆகியவற்றில் ஏதோ ஒன்றை வைத்துத் தன்னைப் பாகுபடுத்தினார்கள் என்று புகார் கொடுக்கிறார். சில வாரங்களில் பதில் கடிதம் வருகிறது. “புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது” என்கிறது அது. கையெழுத்துப் போட்டிருப்பவர் நீதிபதி இல்லை. யாரை எதிர்த்துப் புகாரோ, அதே துறையின் அதிகாரி.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் பெரும்பாலானோர் “பாகுபாடு நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்” என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடிதம் அப்படிச் சொல்லவில்லை. “இதை விசாரிக்கவே மாட்டோம்” என்றுதான் சொல்கிறது. மேல்முறையீட்டில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது.

யார் யாரை விசாரிக்கிறார்கள்?

1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் 7-ஆம் தலைப்பு வேலையிடப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஃபெடரல் அரசு ஊழியர்களுக்கு அந்தப் பாதுகாப்பு 1972-இல் வந்த திருத்தத்தால்தான் கிடைத்தது. மேற்பார்வை முதலில் சிவில் சர்வீஸ் கமிஷனிடம் இருந்தது. 1979-இல் அது ஈஈஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு மாறியது.

தனியார் கம்பெனி ஊழியர் நேராக ஈஈஓசியிடம் போகிறார், ஈஈஓசி விசாரிக்கிறது. மாநில அரசு, நகராட்சி ஊழியர்களுக்கும் அதே வழிதான். ஃபெடரல் ஊழியருக்கு மட்டும் ஏற்பாடு வேறு. அவர் தன் துறையின் சம வேலைவாய்ப்புப் பிரிவிடமே புகார் கொடுக்க வேண்டும். புகாரை ஏற்பதா தள்ளுவதா என்று முதலில் முடிவெடுப்பதும், ஏற்றால் விசாரணை நடத்துவதும் துறையே. ஈஈஓசி அதற்கு மேலே, மேல்முறையீடு கேட்கும் இடத்தில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் கையிலேயே வாசல் சாவி இருக்கிறதே என்று தோன்றினால், தோன்றுவது சரிதான். அந்தச் சாவியை இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது என்பதற்காகத்தான் 29 சிஎஃப்ஆர் 1614 என்ற விதித்தொகுப்பும், வாஷிங்டனில் ஈஈஓசியின் ஃபெடரல் ஆபரேஷன்ஸ் அலுவலகமும் இருக்கின்றன. இனி அதை மேல்முறையீட்டு அலுவலகம் என்றே குறிப்பிடுவோம்.

தள்ளுபடி எந்தக் கட்டத்தில் வருகிறது?

1. சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் துறையின் ஈஈஓ (சம வேலைவாய்ப்பு) கவுன்சிலரைத் தொடர்பு கொள்ள வேண்டும்.
2. கவுன்சிலர் பேசித் தீர்க்க முயல்வதற்கு 30 நாள். சமரசப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டால் 90 நாள் வரை நீளும்.
3. தீரவில்லை என்றால் ஒரு நோட்டீஸ் தருவார்கள். அது கையில் கிடைத்த 15 நாட்களுக்குள் முறையான எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும்.
4. துறை அதை ஏற்கும், அல்லது தள்ளும். ஏற்றால் பொதுவாக 180 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

தள்ளுபடி நான்காவது படியின் வாசலிலேயே நடக்கிறது. சாட்சி யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள், மேலதிகாரியிடம் வாக்குமூலம் வாங்கியிருக்க மாட்டார்கள். கோப்பில் இருப்பதெல்லாம் கவுன்சிலரின் அறிக்கை, புகார் படிவம், மிஞ்சிப்போனால் சில மின்னஞ்சல்கள். எனவே பாகுபாடு நடந்ததா இல்லையா என்று சொல்வதற்கான சரக்கே இந்தக் கட்டத்தில் யாரிடமும் கிடையாது.

கையில் இருப்பது எந்தக் கடிதம்?

மேல்முறையீடு எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியது இது. நான்கு விதமான கடிதங்கள் உண்டு. நான்குக்கும் வழி வேறு.

புகார் முழுவதையும் தள்ளியிருந்தால், கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போகலாம். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

புகாரில் ஐந்து குற்றச்சாட்டு இருந்து இரண்டை மட்டும் தள்ளியிருந்தால், அந்த இரண்டுக்காக இப்போதே மேல்முறையீடு செய்ய முடியாது. மீதி மூன்றும் விசாரணைக்குப் போகும். பிறகு ஈஈஓசி நிர்வாக நீதிபதி முன் விசாரணை கேட்டால், தள்ளியது சரியா என்று அவர் பார்ப்பார். அவரிடம் போகாதவர் இறுதி முடிவு வந்தபின் மேல்முறையீட்டில் அதைக் கிளப்பலாம். அவசரப்பட்டு இப்போதே அனுப்பினால், நேரத்துக்கு முன் வந்தது என்று திரும்பிவிடும்.

விசாரணை எல்லாம் முடிந்து “பாகுபாடு நிரூபிக்கப்படவில்லை” என்று வந்தால், அது தள்ளுபடி இல்லை, இறுதி முடிவு. அதற்கும் 30 நாள்தான். ஆனால் அங்கே வாதம் ஆதாரங்களைப் பற்றியது.

நான்காவது, கலப்பு வழக்கு. வேலை நீக்கம், பதவி இறக்கம், 14 நாளுக்கு மேற்பட்ட சஸ்பென்ஷன் போன்றவற்றில் பாகுபாடு என்று சொன்னால், எம்எஸ்பிபி எனப்படும் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியமும் உள்ளே வருகிறது. அந்த வாரியமா, துறையின் ஈஈஓ பிரிவா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் முதலில் முறைப்படி மனுப் போட்டாரோ அதுவே அவர் தேர்வு. முதலில் வாரியத்துக்குப் போனதைக் காரணம் காட்டித் துறை புகாரைத் தள்ளியிருந்தால், மேல்முறையீட்டு அலுவலகத்தின் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள உரிமை விவரங்களில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

துறை சொல்லக்கூடிய காரணங்கள்

விதி 1614.107(அ) ஒன்பது தலைப்புகளைத் தருகிறது. துறை அதில் ஒன்றைச் சுட்டியாக வேண்டும். “புகாரில் சத்து இல்லை” என்பது அந்த ஒன்பதில் இல்லை.

பல தலைப்புகள் நேரடியானவை. இதே விஷயம் ஏற்கெனவே தீர்க்கப்பட்டது, கோர்ட்டில் நிலுவையில் இருக்கிறது, யூனியன் குறைதீர்ப்பு முறையில் எழுப்பியாயிற்று, முகவரியில் ஆள் இல்லை, கேட்ட விவரத்தை 15 நாளில் தரவில்லை, முந்தைய புகாரைக் கையாண்ட விதம் பற்றியே புதுப் புகார் என்பவை அவற்றில் சில. சண்டை பெரும்பாலும் இரண்டு தலைப்புகளில்தான் நடக்கிறது. ஒன்று காலதாமதம். இன்னொன்று “கோரிக்கையே எழவில்லை” என்பது.

காலதாமதம்: 45 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஒரு கற்பனை உதாரணம். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு மார்ச் 3 அன்று “தேர்வாகவில்லை” என்று மின்னஞ்சல் வருகிறது. ஏப்ரல் 20 அன்று கவுன்சிலரை அழைக்கிறார். மறுநாளிலிருந்து எண்ணினால் 45-ஆவது நாள் ஏப்ரல் 17. அவர் வந்தது 48-ஆவது நாள். மூன்று நாள் தாமதம் என்று துறை தள்ளிவிடுகிறது.

இங்கே அவர் எழுத வேண்டியது, தன்னை எப்படியெல்லாம் நடத்தினார்கள் என்பதை இல்லை. கீழ்க்கண்டவற்றில் எது தனக்குப் பொருந்துகிறது என்பதை:

1. சந்தேகம் எப்போது வந்தது? ஈஈஓசி கடைப்பிடிக்கும் அளவுகோல் “நியாயமான சந்தேகம்”. எல்லா ஆதாரமும் கையில் சேரும்வரை காத்திருக்க முடியாது. அதேசமயம் சந்தேகப்படவே காரணம் இல்லாத நாளிலிருந்தும் எண்ணக் கூடாது. தேர்வானவர் யார் என்ற அறிவிப்பு மார்ச் 18 அன்றுதான் வந்தது, அனுபவம் குறைந்த வேறு பிரிவினர் ஒருவர் அதில் இருந்தார் என்றால், அன்றிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 20 வெறும் 33-ஆவது நாள். இந்த வாதம் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தேதியோடும் மின்னஞ்சலோடும் வைக்கப்படும் வாதம்.

2. காலக்கெடு அவருக்குத் தெரியுமா? தெரிவிக்கப்படவும் இல்லை, வேறு வழியிலும் தெரியாது என்றால் கெடுவை நீட்டித்தாக வேண்டும் என்று விதியே சொல்கிறது. “அலுவலகச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தோம்” என்பது துறையின் வழக்கமான பதில். அந்தப் போஸ்டர் எங்கே ஒட்டப்பட்டது, அதில் 45 நாள் என்று எழுதியிருந்ததா என்பதைத் துறைதான் காட்ட வேண்டும். வருடம் முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்த்தவருக்கு, அலுவலக ஐந்தாவது மாடிப் பலகை எதைத் தெரிவித்திருக்கும் என்று கேட்கலாம். ஆனால் அவர் ஆன்லைன் பயிற்சி முடித்த பதிவு இருந்து, அதில் 45 நாள் கெடு சொல்லப்பட்டிருந்தால், இந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

3. முன்பே வேறு யாரிடமாவது போனாரா? ஈஈஓ நடைமுறையோடு தொடர்புள்ள ஓர் அதிகாரியிடம், புகார் நடைமுறையைத் தொடங்கும் எண்ணத்தோடு பேசியிருந்தால், அந்தத் தேதியே தொடர்பு கொண்ட தேதியாக ஏற்கப்படலாம். மேனேஜரிடம் புலம்பியது கணக்கில் வராது.

4. தடுத்தது எது? மருத்துவமனையில் கிடந்தது, துறை அதிகாரியே தவறான தகவல் தந்தது போன்ற, தன் கையை மீறிய காரணங்கள்.

காலக்கெடு பற்றிய முடிவுக்குத் தேவையான விவரங்களைத் திரட்டிக் காட்டும் சுமை துறையுடையது என்பது ஈஈஓசி பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்ன நிலைப்பாடு. ஊழியர் தரப்பில் பலர் இதைச் சுட்டிக்காட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

ராஜினாமா செய்ய வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டதாகச் சொல்பவர்களுக்குத் தனிக் கணக்கு. 2016-இல் கிரீன் எதிர் பிரென்னன் வழக்கில், தபால் துறை ஊழியர் ஒருவர் விஷயத்தில், ராஜினாமாவைத் தெரிவித்த நாளிலிருந்தே கெடு ஓடும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

துண்டு போடும் உத்தி

தொல்லைச் சூழல் பற்றிய புகார்களில் அடிக்கடி நடப்பது இது. ஊழியர் ஒன்றரை வருடத்தில் நடந்த பன்னிரண்டு சம்பவங்களைச் சேர்த்து “தொடர்ந்து என்னைத் துன்புறுத்துகிறார்கள்” என்கிறார். துறையின் கடிதம் அதை 1 முதல் 12 வரை எண் போட்டுப் பிரிக்கிறது. 1 முதல் 10 வரை காலதாமதம், 11-ம் 12-ம் அற்ப விஷயம். மொத்தமும் தள்ளுபடி.

2002-இல் மார்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனித்தனிச் செயல்களையும் தொல்லைச் சூழலையும் பிரித்து வைத்தது. பதவி உயர்வு மறுப்பு, பணி நீக்கம், இடமாற்றம் போன்ற தனித்தனிச் செயல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. தொல்லைச் சூழல் என்பது பல சம்பவங்கள் சேர்ந்த ஒரே குற்றச்சாட்டு. அதில் ஒரு சம்பவமாவது கெடுவுக்குள் விழுந்தால், பழையவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இப்படித் துண்டு போடுவதை ஈஈஓசியும் பலமுறை கண்டித்திருக்கிறது. துன்புறுத்தல் புகாரைப் பொறுத்தவரை, எந்த உண்மையை நிரூபித்தாலும் நிவாரணம் கிடைக்க வழியே இல்லை என்பது ஐயமறத் தெரிந்தால்தான் வாசலில் தள்ளலாம் என்பது 1997-இலிருந்து அதன் அளவுகோல்.

எனவே மேல்முறையீட்டில் செய்ய வேண்டியது, பிரித்ததை மறுபடி கோர்ப்பது. ஒரே மேலதிகாரி, ஒரே மாதிரியான பேச்சு, ஒன்றிலிருந்து இன்னொன்று தொடர்ந்தது என்று காட்ட வேண்டும். கடைசிச் சம்பவம் கவுன்சிலரை அணுகியதற்கு முந்தைய 45 நாளுக்குள் வருகிறது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பன்னிரண்டில் பதவி உயர்வு மறுப்பு ஒன்று கலந்திருந்தால், அதைத் தனியே, அதன் சொந்தக் கெடுவோடு வாதிட வேண்டியிருக்கும்.

“கோரிக்கையே எழவில்லை” என்றால்?

சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சட்டம் கவனிக்கும் பாதிப்பு எதுவும் இல்லை என்பது இதன் பொருள். பணியின் நிபந்தனை, சலுகை, சூழல் ஆகியவற்றில் நிகழ்காலப் பாதிப்பு இருக்க வேண்டும் என்பது ஈஈஓசி 1994-இலிருந்து சொல்லிவரும் வரையறை.

2024 ஏப்ரலில் வந்த மல்ட்ரோ எதிர் செயின்ட் லூயிஸ் நகரம் தீர்ப்பு இங்கே உதவும். சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட ஒரு பெண் போலீஸ் அதிகாரியின் வழக்கு அது. பாதிப்பு கணிசமாக இருக்க வேண்டியதில்லை, பணி நிபந்தனையில் ஏதோ ஓரளவு பாதிப்பு போதும் என்றது உச்ச நீதிமன்றம். அவர் நகர அரசு ஊழியர் என்பதால் அவர் வந்த பாதை வேறு. ஆனாலும் வேலை நேரம் மாறியது, வழக்கமான பொறுப்பு பறிபோனது போன்றவற்றை “சம்பளம் அதேதானே” என்று ஒதுக்கும் கடிதத்துக்கு எதிராக இதைக் காட்டலாம்.

பழிவாங்கலாகச் செய்தார்கள் என்பது புகாரானால், அளவு இன்னும் தளர்ந்தது. புகார் கொடுக்க நினைப்பவரைத் தயங்க வைக்கக்கூடிய செயலா என்பதுதான் கேள்வி.

இந்தத் தலைப்பில் துறைகள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. “மேலதிகாரி தகுந்த காரணத்தோடுதான் செய்தார், எனவே கோரிக்கை எழவில்லை” என்று எழுதுவது. காரணம் தகுந்ததா என்பது வழக்கின் சாரம், விசாரணைக்குப் பிறகு பேச வேண்டியது. அதை வைத்து வாசலில் தள்ளக் கூடாது என்று ஈஈஓசி பலமுறை சொல்லியிருக்கிறது. தள்ளுபடிக் கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், அதை அப்படியே எடுத்துக்காட்டினாலே மேல்முறையீட்டின் பாதி வேலை முடிந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. காயத்துக்கான இழப்பீட்டு மனு, யூனியன் குறைதீர்ப்பு போன்ற வேறு நடைமுறையில் வந்த முடிவை ஈஈஓ புகாரில் எதிர்ப்பது பக்கவாட்டுத் தாக்குதலாகக் கருதப்படும். அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் நிலைக்கும்.

ஐடி கன்சல்டிங் கம்பெனிகள் மூலம் ஃபெடரல் துறைகளில் வேலை பார்க்கும் தமிழர்களை நேராகத் தொடுவது “நீங்கள் எங்கள் ஊழியரே இல்லை, கான்ட்ராக்டர்” என்ற பதில். அது முடிந்த முடிவு இல்லை. சம்பளச் சீட்டு யார் பெயரில் என்பதை மட்டும் ஈஈஓசி பார்ப்பதில்லை. தினசரி வேலையைக் கொடுப்பது யார், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது யார், லீவுக்கு யாரிடம் கேட்க வேண்டும், புராஜெக்டிலிருந்து நீக்கும் அதிகாரம் யாரிடம் என்று பார்க்கிறது. கட்டுப்பாடு போதுமான அளவு இருந்தால் துறையும் கூட்டு முதலாளியாகிறது. இந்த விவரங்களைக் கேட்காமலே தள்ளியிருந்தால் அதுவே மேல்முறையீட்டுக்குக் காரணம். கன்சல்டிங் கம்பெனிமீது தனியார் துறை வழியில் ஈஈஓசியிடம் கொடுக்கும் புகாருக்கு 180 அல்லது 300 நாள் கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இதைக் காத்து அதைக் கோட்டைவிடக் கூடாது.

மேல்முறையீட்டு இயந்திரம்

1. படிவம் 573. ஈஈஓசியின் இணையப் போர்ட்டலிலேயே பதியலாம். 30 நாள் என்பது காலண்டர் நாள். கடைசி நாள் சனி, ஞாயிறு, ஃபெடரல் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். வழக்கறிஞர் இருந்தால் அவருக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள்.
2. வாத அறிக்கையைச் சேர்த்தே அனுப்ப வேண்டியதில்லை. மேல்முறையீடு பதிந்த நாளிலிருந்து அதற்கு இன்னொரு 30 நாள் உண்டு. கெடு நெருங்கினால் படிவத்தை மட்டும் முதலில் போட்டுவிடலாம்.
3. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியைத் துறைக்கும் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி இணைக்க வேண்டும்.
4. துறை கோப்பைச் சமர்ப்பிக்க வேண்டும், எதிர்வாதமும் வைக்கலாம்.

வாதம் நேரில் கிடையாது, எல்லாம் காகிதத்தில்தான். துறையின் தள்ளுபடியை மேல்முறையீட்டு அலுவலகம் அடியிலிருந்து புதிதாகப் பார்க்கும். துறை சொன்னது என்பதற்காக அதற்குத் தனி மதிப்புக் கிடையாது. முடிவு வெளியாகும்போது ஊழியரின் உண்மைப் பெயர் இருக்காது, கணினி தேர்ந்தெடுத்த ஒரு புனைபெயர் இருக்கும். பெயர் வெளியே வருமே என்று தயங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

மாதங்கள் ஆகும், சில சமயம் ஒரு வருடமும் தாண்டும். நடுவில் 2025 ஜனவரியில் இரண்டு ஆணையர்களை ஜனாதிபதி நீக்கியதால் ஆணையம் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இழந்தது. அக்டோபரில்தான் அது திரும்பக் கிடைத்தது.

ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன

ஜெயித்தால் பணமோ பதவியோ வராது. தள்ளுபடி ரத்தாகி, புகார் விசாரணைக்காகத் துறைக்கே திரும்பும். திரும்பிய குற்றச்சாட்டுகள் வந்து சேர்ந்ததை 30 நாளில் துறை தெரிவிக்க வேண்டும், விசாரணைக் கோப்பை 150 நாளில் தர வேண்டும் என்பது வழக்கமான உத்தரவு. அதன்பின் ஊழியர் நிர்வாக நீதிபதியிடம் போகலாம், அல்லது துறையின் இறுதி முடிவைக் கேட்கலாம். கடைசியில் பாகுபாடு நிரூபணமானால், மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீடு 3,00,000 டாலர் வரை போகலாம். நிலுவைச் சம்பளம் அந்த வரம்பில் சேராது. அரசுமீது தண்டனை இழப்பீடு கிடையாது.

தோற்றால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். முக்கிய உண்மையிலோ சட்டத்திலோ வெளிப்படையான பிழை, அல்லது துறையின் கொள்கை, நடைமுறை ஆகியவற்றில் கணிசமான தாக்கம் என்று காட்ட வேண்டும். பழைய வாதத்தை மறுபடி எழுதினால் போதாது. பெரும்பாலானோருக்கு அடுத்த படி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம்தான். அந்தக் கதவு ஊழியருக்கு மட்டுமே திறக்கும். ஈஈஓசியின் மேல்முறையீட்டு முடிவு பிடிக்கவில்லை என்று துறை கோர்ட்டுக்குப் போக முடியாது.

கோர்ட்டுக்கான கெடு, முடிவு கிடைத்த 90 நாள். மேல்முறையீடு பதிந்து 180 நாள் ஆகியும் முடிவு வராவிட்டால் காத்திருக்காமலும் போகலாம். வழக்குப் போட்டதும் மேல்முறையீடு அங்கேயே முடிந்துவிடும். மனுவில் எதிர்வாதியாகத் துறையின் பெயரையோ தொல்லை கொடுத்த மேனேஜரின் பெயரையோ போடக் கூடாது. துறைத் தலைவரின் முழுப்பெயரும் பதவிப்பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு பிழைக்காகவே கோர்ட்டும் தள்ளிவிடக்கூடும் என்று ஈஈஓசியின் முடிவுக் கடிதமே எச்சரிக்கிறது.